கூடலூரில் கிடக்கும் பழைய கணினியின் சோதனை அறிக்கை யாருக்குப் பயன்படும்?

நீலகிரி மாவட்டக் கூடலூரிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “கணினி அறிவியல் படித்து முடித்துவிட்டேன். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்றும் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. திறமூல மென்பொருள் தொகுதிகளைப் பல இயங்குதளங்களில் ஓட்டிப் பார்த்து அறிக்கை அனுப்பும் தன்னார்வலர்கள் இருக்கிறார்களாமே, நானும் அதைச் செய்யலாமா? நிரல் எழுதுவதில் எனக்குப் பெரிய தேர்ச்சி இல்லை. இங்கே மின்சாரம் அடிக்கடி போகும், இணையமும் சுமார்தான்.” மேலோட்டமாகப் பார்த்தால் இது தகுதியைப் பற்றிய கேள்வி. உண்மையில் அவர் கேட்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய நிறுவனங்களின் கணினிக் கூடங்கள் இரவு பகலாக மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது, கூடலூரில் ஒரு பழைய கணினி சொல்லும் செய்தி எவருக்காவது புதிதாக இருக்குமா என்பதே அந்தக் கேள்வி. இருக்கும் என்பதே என் பதில். ஆனால் அது எப்போது புதிதாக இருக்கும், எப்போது வெறும் இரைச்சலாகப் போய்விடும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பல ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பணியில் இருந்துவிட்டு இப்போது கோத்தகிரியில் வசிப்பவன். தன்னார்வச் சோதனையில் என் பழக்கம் பெரும்பாலும் பெர்ல் என்ற நிரல்மொழியின் தொகுதிகளோடுதான். ஆகவே எடுத்துக்காட்டுகளை அங்கிருந்தே எடுக்கிறேன். பைத்தான், போஸ்ட்கிரெஸ் போன்ற திட்டங்களிலும் தன்னார்வலர்கள் தம் சொந்தக் கணினிகளைச் சோதனைக்குத் தந்திருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் சோதனைப் பண்ணையில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விலங்கின் பெயரைச் சூட்டும் வழக்கம்கூட உண்டு. நடைமுறைகள் வேறுபட்டாலும், இங்கே நான் சொல்லும் காரணங்களில் பெரும்பகுதி அங்கும் பொருந்தும்.

பெர்ல் தொகுதிகளின் பொதுக் களஞ்சியமான சிபான் 1995-இல் தொடங்கியது. எவரும் எழுதலாம், எவரும் பதிவேற்றலாம் என்பதால் தொகுதிகள் பெருகின. ஆனால் எழுதியவரிடம் இருந்ததோ ஒரு கணினி, ஓர் இயங்குதளம். 1998-இல் கிரஹாம் பார், கிறிஸ் நாண்டோர் ஆகிய இருவரும் தொடங்கிய சிபான் டெஸ்டர்ஸ் என்ற ஏற்பாடு இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே வந்தது. ஒவ்வொரு தொகுதியோடும் அதன் ஆசிரியர் எழுதிய சோதனை நிரல்களும் சேர்ந்தே வருகின்றன. தன்னார்வலரின் கணினி அந்தத் தொகுதியை இறக்கி, தொகுத்து (அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி), சோதனைகளை ஓட்டி, நடந்ததை அப்படியே ஓர் அறிக்கையாக அனுப்புகிறது. அறிக்கைக்கு நான்கு தரங்களே உண்டு: எல்லாம் சரியாக ஓடினால் பாஸ், ஏதேனும் ஒன்று தவறினால் ஃபெயில், இந்த இயங்குதளத்துக்கோ இந்தப் பெர்ல் பதிப்புக்கோ உரியதல்ல என்று தொகுதியே சொல்லிவிட்டால் என்ஏ, சோதனையே இல்லாவிட்டால் அன்னோன். அறிக்கையோடு பெர்ல் பதிப்பு, அது எந்தத் தேர்வுகளோடு தொகுக்கப்பட்டது, இயங்குதளம், துணைத் தொகுதிகளின் பதிப்புகள், சில சூழல் மாறிகள் (நிரல் ஓடும்போது அதற்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்புகள்) ஆகியவையும் செல்கின்றன. ஆகவே உங்கள் முதல் கவலைக்கான பதில் எளிது. சோதனையை எழுதுவது ஆசிரியரின் வேலை. அதை நேர்மையான ஒரு சூழலில் ஓட்டுவது மட்டுமே உங்கள் வேலை. அதற்கு நிரலாக்கத் தேர்ச்சியைவிட ஒழுங்கு அதிகம் தேவைப்படுகிறது.

இன்று ஆசிரியர்கள் பலர் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் போன்ற இடங்கள் தரும் தானியங்கிச் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் லினக்ஸ் வகையான உபுண்டு, விண்டோஸ், மேக் ஆகிய மூன்றின் அண்மைப் பதிப்புகள். ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கணினிகள் அவை. நீலகிரியிலேயே கூடலூருக்குத் தென்மேற்குப் பருவத்தில் மழை கொட்டுகிறது, கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமே முக்கியம். மழைமானி எல்லாவற்றையும் கோத்தகிரியிலேயே வைத்தால் மாவட்டத்தின் மழையை அறிய முடியாது. ஆயிரம் உபுண்டு கணினிகள் தரும் ஆயிரம் பாஸ் அறிக்கைகளின் நிலையும் அதுவே. ஆகவே உங்கள் மடிக்கணினியில் இன்னொரு உபுண்டுவை நிறுவி அறிக்கை அனுப்புவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அது தவறு அல்ல, ஆனால் ஏற்கெனவே நிறைந்த வரிசையில் இன்னும் ஒருவராக நிற்பதாகும். அதே மடிக்கணினியில் லினக்ஸ் அல்லாத ஓபன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி ஆகிய இயங்குதளங்களில் ஒன்றை நிறுவினால் நிலைமை மாறுகிறது. அங்கே மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் ‘மேக்’ (make) என்ற கட்டளையே லினக்ஸில் இருக்கும் குனு வகையைச் சேர்ந்ததல்ல. சி மொழித் தொகுப்பியாக ஜிசிசிக்குப் பதில் கிளாங் இருக்கும். ஓபன்பிஎஸ்டியில் விடுவிக்கப்பட்ட நினைவகப் பகுதிகளில் சிறியவற்றை அந்த இயங்குதளமே குப்பை எண்களால் நிரப்பிவிடும். விடுவித்த நினைவகத்தையே திரும்பப் படிக்கும் பிழை லினக்ஸில் தற்செயலாகச் சரியான விடையைத் தந்துகொண்டிருக்கும். ஓபன்பிஎஸ்டியில் அது உடனே குப்புற விழும். இரண்டு கணினிகளிலும் பிழை ஒன்றே. ஓரிடத்தில் அது தெரிகிறது, இன்னோரிடத்தில் தெரிவதில்லை.

ராஸ்பெர்ரி பை இன்னும் சுவையானது. சி மொழியில் ‘கேர்’ என்ற ஒற்றை எழுத்து வகை குறியுள்ளதா குறியற்றதா என்பதை மொழியின் தரநிலை தளத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இன்டெல் வகைக் கணினிகளில் அது குறியுள்ளது, ஆகவே எதிர்ம எண்களை ஏற்கும். ராஸ்பெர்ரி பை போல ஆர்ம் வகைச் செயலி கொண்டு லினக்ஸ் ஓடும் கணினிகளில் அது குறியற்றது. ஒரு நிரலாளர் ‘கோப்பு முடிந்தது’ என்பதைக் குறிக்கும் கழித்தல் ஒன்றை அந்த வகை மாறியில் வைத்து ஒப்பிட்டிருந்தால், அவருடைய கணினியில் ஓடிய நிரல் உங்கள் பையில் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆப்பிளின் புதிய மேக் கணினிகளும் ஆர்ம் வகைதான், ஆனால் ஆப்பிள் தன் தளத்தில் அதைக் குறியுள்ளதாகவே வைத்திருக்கிறது. ஆகவே ‘என்னிடம் ஆர்ம் மேக் இருக்கிறது, அதில் சோதித்துவிட்டேன்’ என்று ஓர் ஆசிரியர் சொன்னாலும் உங்கள் பையின் அறிக்கைக்கு வேலை இருக்கிறது. பழைய மாதிரி பை என்றால், அல்லது 32 பிட் இயங்குதளத்தை அதில் வைத்திருந்தால், இன்னொரு வாய்ப்பும் கிடைக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் தரும் பெர்ல் 32 பிட் தளத்திலும் 64 பிட் முழு எண்களோடு தொகுக்கப்பட்டே வருகிறது. நீங்களே பெர்லின் மூல நிரலை இறக்கி அந்தத் தேர்வு இல்லாமல் தொகுத்தால், சுமார் 429.5 கோடிக்கு மேற்பட்ட எண்களை முழு எண்ணாகக் கொள்ள முடியாத ஒரு பெர்ல் உங்களிடம் இருக்கும். பெரிய கோப்புகளின் அளவு, மில்லிநொடியில் எண்ணும் நேரம் போன்றவற்றைச் சாதாரணமாக 64 பிட் என்று எடுத்துக்கொண்ட தொகுதிகள் அங்கே தடுக்கி விழும். 32 பிட் கணினிகள் ஒழியப்போகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், டெபியனே தன் 13-ஆம் பதிப்பிலிருந்து பழைய இன்டெல் 32 பிட் கணினிகளுக்கு நிறுவல் மென்பொருள் தருவதை நிறுத்திவிட்டது. ஆனால் சிறு கருவிகளில் 32 பிட் ஆர்ம் இன்னும் நெடுநாள் இருக்கும். சோதிப்பவர்கள் குறைந்துகொண்டே வருவதால் மீதியுள்ள ஒவ்வொருவரின் அறிக்கையும் கூடுதல் கனம் பெறுகிறது.

இதுவரை சொன்னது கருவிகளைப் பற்றியது. ஆனால் எந்தச் செலவும் இல்லாமல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு சொத்து உங்கள் கடிகாரம். உலகின் பெரும்பாலான நேர வலயங்கள் முழு மணிகளில் வேறுபடுகின்றன, நாமோ ஐந்தரை மணி. மணி வேறுபாட்டை முழு எண்ணாக மட்டும் பிரித்தெடுக்கும் நிரல் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆண்டுக்கணக்கில் பிழையின்றி ஓடியிருக்கும். கூடலூரில் அரை மணியை விழுங்கிவிடும். தானியங்கிச் சோதனைக் கணினிகளின் கடிகாரம் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் வைக்கப்பட்டிருப்பதால், உள்ளூர் நேரமும் பொது நேரமும் அங்கே ஒன்றே. இரண்டையும் குழப்பிக்கொண்ட நிரல் அந்தக் கணினிகளில் மாட்டவே மாட்டாது. நம் நாட்டில் நள்ளிரவு தொடங்கி விடிகாலை ஐந்தரை வரை நமக்கு ஒரு தேதி, பொது நேரத்துக்கு முந்தைய தேதி. ‘இன்றைய தேதி’யை ஓரிடத்தில் உள்ளூர் நேரத்திலும் இன்னோரிடத்தில் பொது நேரத்திலும் எடுக்கும் தொகுதி பகலில் பாஸ் ஆகி, இரவு இரண்டு மணிக்கு ஃபெயில் ஆகும். ஆகவே இரவில் கணினியை ஓடவிடுவது மின்சாரமும் இணையமும் சீராக இருக்கும் என்பதற்காக மட்டும் அல்ல.

பழைய தேதிகளில் இது இன்னும் நுட்பமாகிறது. கணினிகள் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் ‘ஆசியா கொல்கத்தா’ என்ற வலயத்தைத் திறந்து பார்த்தால், 1906-ஆம் ஆண்டு தொடங்கும்வரை அங்கே மதராஸ் நேரம் பதிவாகியிருக்கிறது. பொது நேரத்தைவிட அது 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னே நிற்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியதால் 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை ஆறரை மணி வேறுபாடு. பிறந்த தேதியை வைத்து வயதைக் கணக்கிடும் ஒரு தொகுதியின் சோதனையில் 1944-ஆம் ஆண்டுத் தேதி ஒன்று இருந்துவிட்டால், அது நம் வலயத்தில் மட்டும் தவறுவதற்கு வாய்ப்பு உண்டு. அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் ஆசிரியர் அதைத் தம் கணினியில் ஒருபோதும் பார்த்திருக்க மாட்டார். ஆகவே சோதனைக் கணினியின் நேர வலயத்தை வசதிக்காகப் பொது நேரத்துக்கு மாற்றிவிடாதீர்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள்.

மொழி அமைப்பும் அப்படியே. தமிழ் எழுத்துகள், யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் எடுத்துக்கொள்கின்றன. ‘கோத்தகிரி’ என்ற பெயரில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்துகள், யூனிகோடுக்கு 9 குறிகள், வட்டில் 27 பைட்டுகள். இந்த மூன்று எண்ணிக்கைகளில் எதை ‘நீளம்’ என்று ஒரு தொகுதி கொள்கிறது என்பதில்தான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன. இன்னொன்றும் உண்டு. ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பிரித்து எழுதினால் அதே பெயர் 10 குறிகள், 30 பைட்டுகள் ஆகிவிடும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 27 பைட்டுப் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, பிறகு அடைவைப் பட்டியலிட்டுப் பார்த்தால் 30 பைட்டுப் பெயர் திரும்பி வரும். 2017-இல் வந்த புதிய கோப்பு முறைமை கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைத்திருக்கிறது. லினக்ஸ் எந்தக் காலத்திலும் இதில் தலையிட்டதில்லை. கோப்புகளைக் கையாளும் தொகுதிகளின் சோதனைகளில் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகள் இருக்கும். கொம்பும் காலும் பிரியும் தமிழ்ப் பெயரை யாரும் அங்கே வைத்திருக்க மாட்டார்கள். சோதனை செய்யும் அடைவின் பெயரையே தமிழில் வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். இயங்குதளத்தின் மொழியைத் தமிழுக்கு மாற்றி இன்னொரு சுற்று ஓட்டினால், மாதத்தின் பெயர் ‘Jan’ என்று ஆங்கிலச் சுருக்கமாக வரும் என்று எதிர்பார்த்த சோதனை, தமிழ்ப் பெயரைக் கண்டு திகைக்கும். ஆனால் இந்த இரண்டு சுற்றுகளையும் வழக்கமான அறிக்கைகளோடு கலந்து தானாக அனுப்பிவிட வேண்டாம். இவற்றில் கிடைக்கும் தோல்வி, தொகுதியின் பிழையா அல்லது சோதனை எழுதியவரின் கவனக்குறைவு மட்டுமா என்பதை ஒரு மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்வது அவசியமாகிறது. ஒரு பாஸ் அறிக்கை உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தச் சூழலில், இந்த நேரத்தில், ஆசிரியர் எழுதிவைத்த சோதனைகள் தவறவில்லை. தொகுதி பிழையற்றது என்று அது சொல்வதில்லை. சோதனை மூன்றே வரியில் இருந்தால் பாஸின் மதிப்பும் மூன்று வரிதான். ஃபெயில் அறிக்கை உறுதியாகச் சொல்வதும் ஒன்றே: எதிர்பார்த்ததும் நடந்ததும் இங்கே ஒத்துப்போகவில்லை. குற்றம் தொகுதியுடையதா, அது சார்ந்திருக்கும் துணைத் தொகுதியுடையதா, பெர்லுடையதா, உங்கள் கணினியுடையதா என்பது அந்த ஓர் அறிக்கையால் தீர்வதில்லை. ஒரு தொகுதிக்கு நாற்பது அறிக்கைகள் வந்து அவற்றில் மூன்று ஃபெயில் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது எது, மற்ற முப்பத்தேழிலும் இல்லாதது எது என்று தேடும்போதுதான் காரணம் தென்படும். இதற்காகவே அறிக்கைகளை இயங்குதளம் ஒரு பக்கம், பெர்ல் பதிப்பு மறுபக்கம் என்று கட்டமிட்டுக் காட்டும் வசதிகளைத் தன்னார்வலர்களே செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஓபன்பிஎஸ்டி அறிக்கை தனியாக நின்றால் ஓர் ஐயம். அதே தளத்தில் இன்னொருவருடையதும் சேர்ந்தால் அது ஒரு தடயம்.

ஐயத்தின் மற்றொரு வகை, ஒருமுறை தவறி மறுமுறை தேறும் சோதனை. பெர்லின் 5.18-ஆம் பதிப்பு 2013-இல் வந்தபோது, ஹேஷ் என்ற தரவு அமைப்பின் உறுப்புகள் வெளிவரும் வரிசை ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறும்படி ஆக்கப்பட்டது. பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட மாற்றம் அது. வரிசையை எவரும் நம்பக்கூடாது என்று ஆவணங்கள் முன்பே சொல்லியிருந்தன. ஆனாலும் தெரியாமலே நம்பியிருந்த தொகுதிகள் ஏராளமாக அன்று வெளிப்பட்டன. அவற்றின் அறிக்கைகள் காலையில் பாஸ், மாலையில் ஃபெயில் என்று வந்து ஆசிரியர்களைக் குழப்பின. பெர்ல் ஹேஷ் சீட் என்ற சூழல் மாறியில் ஒரே எண்ணைக் கொடுத்து ஓட்டினால் அந்த வரிசையை மீண்டும் வரவழைக்கலாம். இப்படி மீண்டும் நிகழ்த்திக் காட்டத் தெரிந்த சோதனையாளரை ஆசிரியர்கள் மறக்க மாட்டார்கள். 2017-இல் வந்த 5.26-ஆம் பதிப்பு, தொகுதிகளைத் தேடும் இடங்களின் பட்டியலிலிருந்து நடப்பு அடைவை நீக்கியபோதும் இதேபோல் பலவும் உடைந்தன. ஆனால் அந்தத் தோல்வி ஒவ்வொரு முறையும் தவறாமல் நிகழ்ந்ததால் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. தளமே மாறாமல் கருவி மட்டும் மாறுவதாலும் புதிய தோல்விகள் வரும். 2024-இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்கப்படாத செயற்கூறை அழைப்பதை எச்சரிக்கையோடு விட்டுவிடாமல் பிழையாகவே கொண்டது. சி மொழிப் பகுதி கொண்ட பழைய தொகுதிகள் சில தொகுக்கவே மறுத்தன.

தவறான ஃபெயில் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்துகொள்வது, அனுப்பும் முறையை அறிந்துகொள்வதைவிட முக்கியம் என்பேன். நிர்வாகியான ‘ரூட்’ கணக்கில் சோதனையை ஓட்டாதீர்கள். அனுமதி இல்லாத கோப்பைப் படிக்க முயன்றால் பிழை வருகிறதா என்று பார்க்கும் சோதனை ரூட்டில் தவறும், ஏனெனில் ரூட்டுக்குத் தடையே இல்லை. துணைத் தொகுதி நிறுவப்படாமல் இருப்பதால் வரும் தோல்வியை அறிக்கை அனுப்பும் கருவியே பெரும்பாலும் கண்டுபிடித்து விலக்கிவிடும், ஆனாலும் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். இணையத்தைத் தொடும் சோதனைகள் உங்கள் ஊர் இணைப்பில் காலம் கடந்து தவறலாம். இணையச் சோதனை வேண்டாம் என்று சொல்வதற்குத் தனிச் சூழல் மாறி உண்டு, அதை வைத்துவிடுங்கள். ‘இரண்டு நொடிக்குள் முடிய வேண்டும்’ என்று எழுதப்பட்ட சோதனை பையின் மெதுவான நினைவக அட்டையில் தவறினால் அதை அனுப்பலாமா என்பதில் சோதனையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அனுப்பலாம் என்பதே என் கருத்து. மெதுவான கணினியும் கணினிதான், நேரத்தை நம்பிச் சோதனை எழுதுவது ஆசிரியர் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம்.

மின்வெட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது நியாயமே, ஆனால் காரணம் நீங்கள் நினைப்பதாக இருக்காது. ஜூன், ஜூலையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் சில மணி நேர அறிக்கைகள் போகும், அதனால் எவருக்கும் நட்டமில்லை. மின்சாரம் திரும்பிய பிறகு நடப்பதுதான் சிக்கல். ராஸ்பெர்ரி பையில் ஐந்தாம் மாதிரிக்கு முன் வந்தவற்றில் மின்கலம் கொண்ட கடிகாரமே இல்லை. ஐந்தாம் மாதிரியிலும் மின்கலத்தைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். மின்சாரம் வந்ததும் பை தான் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும், இணையம் கிடைத்த பிறகே சரியான நேரத்துக்குத் தாவும். நம் பக்கத்தில் மின்சாரம் வந்தவுடன் இணையமும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் தொடங்கிய சோதனையில் சில கோப்புகளின் தேதி பழையதாகவும் சில ‘எதிர்காலத்’திலும் இருக்கும். ‘மேக்’ கட்டளை கோப்புகளின் தேதியைப் பார்த்துத்தான் எதை மீண்டும் உருவாக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. தன் அடிப்படைக் கோப்பே பழசாகிவிட்டதென்று எண்ணி அதை மறுபடி எழுதிவிட்டுத் தோல்வி என்று நின்றுவிடும். தொகுதியில் எந்தக் குறையும் இல்லாமலே ஃபெயில் அறிக்கைகள் வரிசையாகப் போகும். ஆகவே நேரம் ஒத்திசைந்த பிறகே சோதனை தொடங்கும்படி அமையுங்கள். அட்டையில் எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிருந்தால், நிறுவிய தொகுதிகளில் சில வெற்றுக் கோப்புகளாகியிருக்கலாம். அந்தப் பெர்லை அப்படியே அழித்துவிட்டுப் புதிதாகத் தொகுப்பதே நல்லது, சந்தேகமான சூழலை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற வேண்டாம். சிறிய யூபிஎஸ் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். இணையத்துக்கு வழி, ஒவ்வொரு தொகுதியின் அண்மைப் பதிப்பை மட்டும் உங்கள் வட்டிலேயே பிரதியெடுத்து வைத்துக்கொள்வது. அதற்குத் தனிக் கருவி இருக்கிறது, சில ஜிபி இடம் போதும். இரவில் புதியவற்றை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியே ஆக வேண்டும். அறிமுகம் இல்லாத ஒருவர் பதிவேற்றிய நிரலை, படித்துப் பார்க்காமல், உங்கள் வீட்டுக் கணினியில் தானாக ஓடவிடுவதுதான் இந்தப் பணியின் இயல்பு. தீய நோக்கம் அரிது, ஆனால் இல்லாததல்ல. 2024 மார்ச் மாத இறுதியில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில், பிறர் கணினிக்குள் இரகசியமாக நுழைய வழிசெய்யும் பின்கதவு ஒன்று வெளிப்பட்டது. உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். தீங்கு நிரல் ஒளித்து வைக்கப்பட்டிருந்த இடம் சோதனைக்கான மாதிரிக் கோப்புகள்! எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகும் இடம் அதுதான் என்று செய்தவர் அறிந்திருந்தார். ஆகவே சோதனைக்கென்றே ஒரு கணினி, அல்லது மெய்நிகர் கணினி, அதில் சோதனைக்கென்றே ஒரு பயனர் கணக்கு. வங்கிக் கடவுச்சொல், குடும்பப் படங்கள், அஞ்சல் எதுவும் அதில் இருக்கக்கூடாது. வீட்டில் மற்றவர்களின் கைப்பேசிகள் இருக்கும் வலையமைப்பிலிருந்து அதைப் பிரித்துவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அறிக்கைகள் பொதுவில் நிலைத்து நிற்பவை என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அவற்றில் இருக்கும், அடைவுகளின் பாதைகளும் இருக்கும். பயனர் கணக்குக்கு ஊர்ப் பெயரோ வீட்டுப் பெயரோ வைக்காமல் ‘டெஸ்டர்’ என்று வைத்தால் போதும்.

அறிக்கை அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. ஓர் ஆசிரியர் அஞ்சலில் கேட்பார்: இந்த ஒரு கோப்பை மட்டும் ஓட்டி முழு வெளியீட்டையும் அனுப்ப முடியுமா, இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்க்க முடியுமா என்று. அவரிடம் ஓபன்பிஎஸ்டி இல்லை, பழைய பை இல்லை. அந்தத் தளத்தில் அவருக்குக் கண்ணும் கையும் நீங்கள்தான். நூற்றுக்கணக்கில் அறிக்கை அனுப்பிவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரைவிட, குறைவாக அனுப்பி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்பவரையே நான் மதிக்கிறேன். சில ஆசிரியர்கள் எரிச்சலோடும் எழுதுவார்கள். ஊதியம் இல்லாமல் எழுதிய நிரலைப் பற்றி, ஊதியம் இல்லாத இன்னொருவர் குறை சொல்கிறார் என்பதே அங்குள்ள நிலைமை. ‘உங்கள் தொகுதி உடைந்திருக்கிறது’ என்று எழுதாமல் ‘இந்தச் சூழலில் இது நடந்தது, மீண்டும் ஓட்டியபோதும் நடந்தது’ என்று எழுதினால் பாதி எரிச்சல் எழாது. எழுதும் முன் அந்தத் தொகுதிக்கு ஏற்கெனவே வந்த அறிக்கைகளைப் படியுங்கள். நீங்கள் கண்டது முன்பே பதிவாகியிருந்தால் தனி அஞ்சல் தேவையில்லை.

இது வேலை வாய்ப்புக்கு உதவுமா என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை. படித்து முடித்தவர் என்பதால் மனத்தில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அறிக்கைகளின் எண்ணிக்கையைப் பார்த்து எவரும் வேலை தருவதை நான் கண்டதில்லை. ஒரு தோல்வியைத் துருவிக் காரணத்தைக் கண்டுபிடித்து, அதை மூன்று பத்தியில் தெளிவாக எழுதிய பதிவு பொதுவெளியில் இருந்தால், நேர்காணலில் அதைக் காட்டலாம்.

தொடங்குவதற்குப் பையையே எடுத்துக்கொள்ளுங்கள். இயங்குதளம் தந்த பெர்லைத் தொடாமல், ‘பெர்ல்புரூ’ கருவியால் அண்மைப் பதிப்பு ஒன்றையும் பழைய பதிப்பு ஒன்றையும் தனித்தனியாகத் தொகுத்து வையுங்கள். பையில் ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் ஆகலாம், இரவில் விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். பிறகு சிபான் ரிப்போர்ட்டர் என்ற தொகுதியை நிறுவி, அது கேட்கும் அடையாளக் கோப்பை ஒருமுறை உருவாக்கிக்கொண்டு, அதையே எல்லாக் கணினிகளிலும் பயன்படுத்துங்கள். ஒரே அறிக்கையை இருமுறை அனுப்பாதபடி அது தானே கணக்கு வைத்துக்கொள்ளும். முதல் சில வாரங்களுக்குத் தானியங்கிச் சுற்றோட்டம் வேண்டாம். தேதி, கோப்பு, எழுத்துக் குறிமுறை ஆகியவற்றைக் கையாளும் தொகுதிகளாகத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகக் கையால் ஓட்டுங்கள். அனுப்பட்டுமா என்று கருவி கேட்கும்போது ‘ஆம்’ என்பதற்கு முன் வெளியீட்டை முழுவதும் படியுங்கள். ஃபெயில் வந்தால் இன்னொரு முறை ஓட்டி, இரண்டிலும் ஒரே வரியில்தான் தவறுகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வு செய்த தொகுதிக்கு 32 பிட் ஆர்ம் தளத்திலிருந்து எவரும் அறிக்கை அனுப்பியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே கட்டத்தில் பாருங்கள். காலியாக இருக்கும் கட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.